மரத்துக்கு வளைந்த சுவர்: லாரி பேக்கர் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரின் நினைவு நாளையொட்டி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டும் எலிப்பொறிக் கட்டு, ஓடு பதித்த தளம், மரத்தை வெட்டாமல் சுற்றி வளைத்த சுவர் ஆகியவற்றை அதில் தொட்டுச் சென்றோம். பழைய வட ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பேக்கரை 'இயற்கை விரும்பி' என்று எழுதியிருந்தீர்கள். மண்ணைத் தோண்டி வீடு கட்டுகிறவர் எப்படி இயற்கை விரும்பி ஆவார்? நம் வேலூர்ப் பக்கத்துக்கும் அவருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
— கல்லூரி மாணவி, காட்பாடி

பேக்கர் 1917 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக்கலை படித்து 1937ல் முடித்தார். போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான குவேக்கரைச் சேர்ந்தவர் என்பதால் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்து, ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கேதான் தொழுநோயாளிகளோடு பழக்கம். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945ல் தொழுநோய் மிஷன் ஒன்றின் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்கே வந்துவிட்டார்.

1948ல் கேரளத்து மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். தேனிலவுக்கு இருவரும் போனது இமயமலைப் பக்கம், பித்தோராகட். வந்திருப்பது டாக்டரம்மா என்று தெரிந்ததும் மலைக் கிராமத்து ஜனங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள் ஏறத்தாழ 15 வருஷம் அங்கேயே தங்கி, மலைச் சரிவில் வீடும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். பர்மிங்காமில் படித்ததில் பாதி அந்த மலையில் செல்லுபடியாகவில்லை. உள்ளூர்க்காரர்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்து, வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கட்டியிருந்த வீடுகளே அவருக்கு இரண்டாவது கல்லூரி. 1963ல் கேரளத்தின் வாகமண் மலைக்கு இடம் மாறினார், பிறகு திருவனந்தபுரம். அங்கே நாலாஞ்சிறாவில் தன் வீட்டைக் கட்டிக்கொண்டது பாறை நிறைந்த சரிவான மனையில். வேறு யாராவது வாங்கியிருந்தால் முதல் வேலையாகப் பாறையை உடைத்து மட்டம் செய்திருப்பார்கள்.

அவருடைய இயற்கைப் பிரியம் வேலையில் தெரிகிறது. மனையில் நடந்து பார்க்காமல் பிளான் போடமாட்டார். பெரிய ஆபீஸ் வைத்துக்கொள்ளவில்லை. பழைய கவர், ஒருபக்கம் அச்சான காகிதம் ஆகியவற்றின் பின்புறத்தில் வரைவார், மேஸ்திரியோடு மனையில் நின்று மாற்றுவார். மரம் குறுக்கே வந்தால் சுவர் விலகிப் போகும். 1990ல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, 90 வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார்.

வேலூரோடு இருப்பது நேர் உறவல்ல, ஒரே காலத்து உறவு. தொழுநோய்க்கு டாப்சோன் மருந்து வந்த காலம் அது. அடைத்து வைக்கும் விடுதிகள் குணப்படுத்தும் ஆஸ்பத்திரிகளாக மாற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்துக்கான கட்டட வேலைக்குத்தான் பேக்கர் வந்தார். அதே மாற்றத்தின் மருத்துவப் பக்கம் நம் ஊரில் நடந்தது. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார், 1955ல் கரிகிரி தொழுநோய் மையம் எழுந்தது. கரிகிரியைப் பேக்கர் கட்டினார் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நாங்கள் அப்படிச் சொல்ல வரவில்லை.

கேள்வி: எலிப்பொறிக் கட்டில் வீடு கட்ட ஆசை. எங்கள் மேஸ்திரி "உள்ள காலியா வுட்டுட்டு மேல தளம் போட்டா நிக்காது சார்" என்கிறார். நிற்குமா? செங்கல் எவ்வளவு மிச்சமாகும்?
— சத்துவாச்சாரி

நிற்கும். ஆனால் மேஸ்திரியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. எப்படிக் கட்டக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் பயம் போய்விடும்.

சாதாரண 9 அங்குலச் சுவரில் கல் படுத்திருக்கும். இதில் கல்லைக் குத்துவாட்டில் நிறுத்துகிறோம். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நடுவில் 3 அங்குலக் குழி. அடுத்து ஒரு கல் குறுக்கே, இரண்டு முகத்தையும் இழுத்துப் பிடிக்க. இதே வரிசை திரும்பத் திரும்ப வரும். மேல் வரிசையில் குறுக்குக் கல் கீழ்க் குறுக்குக் கல்லின் மேல் விழாமல், நெட்டுக் கல்லின் நடுவில் உட்கார வேண்டும்.

9க்கு 4½க்கு 3 அங்குலக் கல்லுக்கு, கலவை இடைவெளியோடு கணக்குப் போட்டால், ஒரு சதுரம் (100 சதுர அடி) சுவருக்குச் சாதாரணக் கட்டில் சுமார் 910 கல், எலிப்பொறியில் சுமார் 715. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிச்சம். கலவையும் கணிசமாகக் குறையும். குழியில் நிற்கும் காற்று மேற்கு வெயிலைத் தாமதப்படுத்தும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊருக்கு இதுதான் பெரிய லாபம், கல் மிச்சம் அடுத்தபட்சம்.

எங்கே கெடுகிறது என்றால், முதலில் கல்லில். இரண்டு கல்லின் கனமும் குழியும் சேர்ந்து ஒரு கல்லின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்: 3, 3, 3, கூட்டினால் 9. சூளைக்குச் சூளை அளவு மாறுகிறது. ஒரே லோடில்கூட நாட்டுச் செங்கல் கால் அங்குலம் முன்னே பின்னே இருக்கும். பூசாமல் விடப்போகிற சுவரில் அந்தக் கால் அங்குலம் முகத்தில் அறையும். அளவு சீராக வரும் சேம்பர் கல் வாங்குங்கள். லோடு இறக்கும் முன் 20 கல்லை வரிசையாக அடுக்கி நீளத்தை அளந்து பாருங்கள். ஒரு கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்தச் சூளை வேண்டாம்.

அடுத்தது, குழியில் கலவை விழுவது. கொத்தனார் கரண்டியை வீசுகிற வேகத்தில் பாதி உள்ளே போய்விடும். 3 அங்குல அகலத்தில் ஒரு மரப்பட்டையைக் குழிமேல் வைத்துக்கொண்டு கலவை போட்டு, பட்டையை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

கட்டாயம் கெட்டியாகக் கட்ட வேண்டிய இடங்கள்: அஸ்திவாரத்துக்கு மேல் முதல் வரிசை, ஜன்னல் அடி மட்டம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை) மட்டம், தளத்துக்குக் கீழ் கடைசி வரிசை, கதவு ஜன்னலின் இரு பக்கங்கள். மேலும் கீழும் மூடாமல் விட்டால் பெயருக்கு ஏற்றபடி எலியும் எறும்பும் குடிவந்துவிடும். மூலைகளிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் குழியில் 10 மி.மீ. கம்பி விட்டு கான்கிரீட் நிரப்புங்கள். லிண்டலைத் துண்டு துண்டாகப் போடாமல் சுற்றிலும் ஒரே பட்டையாக ஓட்டுங்கள். கலவை 1:6 (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) போதும். எலக்ட்ரீஷியனைச் சுவர் எழும்பும்போதே கூப்பிடுங்கள். பைப் குழிக்குள்ளேயே போய்விடும். கட்டி முடித்த பிறகு காடி வெட்டினால் 3 அங்குலக் கல் உடைந்து விழும். ஒரு மாடி வரை சுமை தாங்கும், ஆனால் உங்கள் மனைக்கும் மண்ணுக்கும் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டால்தான்.

கேள்வி: பேக்கர் முறையில் பாதிச் செலவில் வீடு முடியுமா?
— வாணியம்பாடி

முடியாது. சுவரும் தளமும் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். டைல்ஸ், பாத்ரூம் சாமான், மாடுலர் கிச்சன், தேக்குக் கதவு எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு செங்கல்லில் மட்டும் பேக்கரைப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. அவர் செலவைக் குறைத்தது வேண்டாததை விட்டதால். பூச்சு வேண்டாம், நிலை இல்லாத கதவு, மேலும் கீழும் முளை வைத்துக் குழியில் திரும்பும் ஒற்றைப் பலகை ஜன்னல். இதெல்லாம் உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: 30க்கு 40 மனை. தென்மேற்கு மூலையில் பெரிய வேப்பமரம், இடுப்பளவில் சுற்றளவு மூன்றடி. வேர் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும் என்று வெட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.
— குடியாத்தம்

வெட்டாதீர்கள். மனையிலேயே மரம் இருக்க வேண்டிய மிகச் சரியான மூலை அது. பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். வாஸ்து பார்க்கிறவர்கூடத் தென்மேற்கில் கனமான மரம் இருப்பதற்கு ஆட்சேபம் சொல்லமாட்டார்.

மரம் நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம், அடிமரத்தைச் சுற்றி வேருக்கு விட வேண்டிய வட்டம். நீங்கள் இடுப்பளவில் அளந்திருக்கிறீர்கள், அது கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும், பரவாயில்லை. மூன்றடி என்றால் விட்டம் 29 செ.மீ., வட்டத்தின் ஆரம் சுமார் 11½ அடி. அந்த வட்டம் ஏறக்குறைய 415 சதுர அடி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், உங்கள் கணக்கில் 80 சதுர அடிக்கு மேல், வீடு ஏறக்கூடாது. அதுவும் ஒரே பக்கத்தில் மட்டும்.

ஏறுகிற அந்தப் பக்கத்தில் தொடர் அஸ்திவாரம் வேண்டாம். இரண்டு பக்கமும் தூண் குழி எடுத்து, நடுவில் ஐந்தாறு அடிக்குப் பீம் ஓட்டி, அதன்மேல் சுவர் எழுப்புங்கள். குழியை ஜே.சி.பி. வைத்து எடுக்கக்கூடாது. கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கையால் எடுக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் கனமான வேர் வந்தால் வெட்டாமல் குழியை நகர்த்துங்கள். அதனால்தான் பீமின் நீளத்தை முன்கூட்டியே ஓரடி கூட்டி வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறோம். பீமுக்கும் வேருக்கும் நடுவே 3 அங்குலம் காலி விடுங்கள். வேர் பருக்க இடம் வேண்டும். சுவர் வளைந்தால் இன்னும் நல்லது. பேக்கர் வளைவுச் சுவரை விரும்பியதற்கு மரம் மட்டும் காரணமில்லை. அதே நீளச் சுவரில் வளைவு கூடுதல் இடத்தை அடைக்கும், காற்றுக்கும் தள்ளாமல் நிற்கும். நிலைப்பேழை வைக்க இடம் சிக்காது என்பது மட்டும் குறை.

வேப்பமரம் செத்துப் போவது பெரும்பாலும் அஸ்திவாரத்தால் அல்ல, கட்டுமானச் சமயத்தில் மரநிழலில் நடக்கிற அநியாயத்தால். நிழலாக இருக்கிறதென்று அங்கேதான் செங்கல் இறக்குவார்கள், கலவை குழைப்பார்கள், சட்டி கழுவிய சிமென்ட் தண்ணீரை ஊற்றுவார்கள். லாரி ஏறி மண் இறுகிவிடும். வீடு முடிந்து ஒன்றிரண்டு வருஷத்தில் மரம் நுனியிலிருந்து காயும்போது யாருக்கும் காரணம் தெரியாது. வேலை தொடங்கும் முன்னால் வட்டத்தைச் சுற்றிச் சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு கட்டுங்கள், உள்ளே எதுவும் இறக்கக்கூடாது என்று எழுதித் தொங்கவிடுங்கள். மனையை உயர்த்த மண் கொட்டும்போது அடிமரத்தைப் புதைக்காதீர்கள். வீடு முடிந்தபின் அங்கே சிமென்ட் தரை போடாமல், கடப்பா கல்லை மணல்மேல் இடைவெளி விட்டுப் பரப்பினால் போதும், தண்ணீர் இறங்கும்.

கேள்வி: செங்கல் இடைவெளி விட்டுக் கட்டும் ஜாலிச் சுவர் அழகாக இருக்கிறது. கொசு, மழை, திருடன் மூன்றுக்கும் என்ன செய்வது?
— ஆற்காடு

எந்த அறையில் வைக்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. தாழ்வாரம், மாடிப்படி, சமையலறைப் பின்கட்டு, கூடத்தின் மேல்பகுதி ஆகியவற்றில் வைக்கலாம். மேற்குப் பார்த்த படுக்கையறையில் வைத்தால் கோடையில் அனலும் புழுதியும் நேராக உள்ளே வரும். மே மாதத்துப் புழுதிக்காற்றை ஒருமுறை அனுபவித்தால் ஜாலியையே சபிப்பீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். அந்தப் பக்கத்தில் ஜாலி இருந்தால் மேலே 2 அடியாவது கூரை நீட்டம் வேண்டும். ஜாலிக்கு உள்ளே தரை ஒரு வாட்டமாக வெளியே சரிய வேண்டும். தரையிலிருந்து 2 அடிக்குக் கெட்டிச் சுவர், அதற்கு மேல்தான் ஓட்டை. பாம்பு, தேள் நடமாட்டம் உள்ள மலையடிவார மனைகளில் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஓட்டை 4 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வெளிச்சுவர் என்றால் 9 அங்குலக் கனத்தில் கட்டுங்கள். 4½ அங்குல ஜாலி உயரமாகப் போனால் தள்ளினாலே ஆடும். திருடனுக்கும் அதுவே பதில். கொசுவலையைச் சுவரில் ஆணி அடித்து ஒட்டாமல், கழற்றிக் கழுவும் சட்டத்தில் உள்பக்கம் மாட்டுங்கள். வலை போட்டால் காற்று குறையும், அதற்கு வழியில்லை.

கேள்வி: ஏலகிரியில் சரிவான 12 சென்ட். மட்டம் செய்துவிட்டுக் கட்டலாம் என்கிறார் கான்ட்ராக்டர். பேக்கர் என்ன செய்திருப்பார்?
— ஜோலார்பேட்டை

மட்டம் செய்ய ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். மேலே வெட்டிய மண்ணைக் கீழே கொட்டிச் சமன் செய்தால் வீட்டின் பாதி கெட்டி நிலத்திலும் பாதி கொட்டின மண்ணிலும் நிற்கும். இரண்டு மழைக்குப் பிறகு நடுவில் விரிசல் விடும். விரிசல் சரியாக வெட்டும் கொட்டலும் சேர்கிற கோட்டில் ஓடும், அதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் சரிவை அளவெடுங்கள். தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் 15 மீட்டர் ட்யூப் லெவல் போதும். மேல் மூலையில் ஒரு முளை அடித்து அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, 3 மீட்டருக்கு ஒரு முளை அடித்து ஒவ்வொன்றும் எவ்வளவு இறக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ட்யூபில் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு பொய்யாகும். வெயிலில் வெகுநேரம் கிடந்த ட்யூபிலும் குமிழ் கட்டும், காலையில் அளப்பது நல்லது. அரை மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கோடு வீதம் ஒரே மட்டத்து முளைகளைச் சேர்த்து வரைந்தால் நிலத்தின் ஓட்டம் தெரியும். வீட்டின் நீளப்பக்கம் அந்தக் கோட்டோடு போகட்டும். அறைகளைப் படிப்படியாக இறக்குங்கள். ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் மூன்று படி, நான்கு படி என்று வரும். மூட்டுவலிக்காரர் இருக்கும் வீடாக இருந்தால் படுக்கையறை, பாத்ரூம், சமையலறை மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு கூடத்தை இறக்குங்கள்.

எங்கும் ஒரு மீட்டருக்கு மேல் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1.5 மீட்டர் தடுப்புச் சுவரைக் கலவையில்லாமல் கருங்கல்லில் அடுக்கினால் அடியில் 75 செ.மீ. அகலம், மலைப்பக்கமாக 25 செ.மீ. சாய்வு, மீட்டருக்கு ஒன்றாவது சுவரின் முழு அகலத்துக்கும் உள்ளே போகும் நீளக்கல், பின்னால் ஓரடிக்கு 40 மி.மீ. ஜல்லி. கலவை போட்டுக் கட்டினால் 3 அங்குலப் பைப்பை வெளிச்சரிவாக 1.5 மீட்டருக்கு ஒன்று வைக்க வேண்டும். தடுப்புச் சுவரைத் தள்ளிச் சாய்ப்பது மண் அல்ல, வெளியேற வழியில்லாத தண்ணீர். வீட்டுக்கு மேல்புறம் ஒரு வடிகால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

மனையில் உருண்டைப் பாறை இருந்தால் அது அடியோடு ஊன்றியதா, மேலே உட்கார்ந்ததா என்று சுற்றிலும் தோண்டிப் பாருங்கள். ஊன்றியதென்றால் அதையே சுவரின் ஒரு பகுதியாக்கலாம். உட்கார்ந்ததென்றால் அதன் அடிவாரத்தில் ஒரு கூடை மண்கூட எடுக்காதீர்கள். மலைக் கிராமங்களில் கட்ட அனுமதி விதிகள் சமவெளியைவிடக் கடுமை. பிளான் போடுவதற்கு முன்னால் ஊராட்சியிலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தளத்துக்குள் ஓடு வைப்பது எதற்கு? எத்தனை ஓடு வேண்டும்? ஒழுகாதா?
— ஆம்பூர்

தளத்தின் அடிப்பாதியில் இருக்கும் கான்கிரீட் பெரிதாக வேலை செய்வதில்லை. அங்கே இழுப்பைத் தாங்குவது கம்பி. அந்தச் சோம்பேறிக் கான்கிரீட்டுக்குப் பதிலாக இரண்டு மங்களூர் ஓட்டைச் சேர்த்து வைக்கிறோம், அவ்வளவுதான். 10க்கு 12 அறைக்கு, சுவரிலிருந்து சுற்றிலும் ஓரடி ஓடே இல்லாமல் விட்டு, ஓடுகளுக்கு நடுவே 4 அங்குலம் விட்டால் ஏழுக்கு ஆறு, 42 ஜோடி, ஆக 84 ஓடு. உடைசலுக்குப் பத்து சேர்த்து வாங்குங்கள். 5 அங்குலத் தளத்தில் கான்கிரீட் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

பழைய ஓட்டுவீடு இடித்த இடங்களில் ஓடு மலிவாகக் கிடைக்கும். கீறல் விட்டதைத் தட்டிப் பார்த்தே கழித்துவிடலாம், சத்தம் செத்திருக்கும். கான்கிரீட் போடும் முன் ஓட்டைத் தண்ணீரில் நன்றாக ஊற வைத்தாக வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஓட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் போகும். பெரும்பாலான ஒழுகல் இங்கேதான் பிறக்கிறது. ஃபேன் கொக்கி ஓட்டின் மேல் வராமல் நடு இடைவெளியில் வரும்படி முதலிலேயே குறியுங்கள். பின்னால் டிரில் போட்டால் ஓடு நொறுங்கும். பால்கனி நீட்டத்தில் ஓடு கூடாது. கம்பி அளவை அடுத்த வீட்டைப் பார்த்துப் போடாமல் பொறியாளரிடம் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பெரியப்பா ஆர்க்கிடெக்ட். ஜவ்வாது மலையில் நடக்காத பாதை கிடையாது. சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். முதலாண்டு நினைவுக்கு மலையில் ஒரு கல்வெட்டு வைக்கவும் சிறு மலர் வெளியிடவும் எண்ணம். அவர் வரைந்த பிளான்கள் பீரோவில் சுருட்டியபடி கிடக்கின்றன. என்ன செய்யலாம்?
— திருப்பத்தூர்

மூன்றில் அவசரமானது பீரோ. அதிலிருந்தே தொடங்குங்கள்.

சுருளை இழுத்துப் பிரிக்காதீர்கள். பழைய டிரேசிங் தாள் அப்பளம் மாதிரி முறியும். மழைக்கால ஈரப்பதத்தில் ஒன்றிரண்டு நாள் வெளியே வைத்தால் தானாகத் தளரும். பிறகு இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே பலகையும் கனமும் வைத்து ஒரு வாரம் விடுங்கள். இஸ்திரி போடக்கூடாது, லாமினேஷன் கூடாது, கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில வருஷங்களில் மஞ்சளாகி வரைபடத்துக்குள் இறங்கிவிடும். அம்மோனியா பிரிண்ட் என்றால் வெளிச்சம் பட்டாலே வெளுக்கும், அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 300 டி.பி.ஐ. போதும், பென்சில் குறிப்புகள் மங்கலாக இருந்தால் 400. அசலை மாற்றாமல் டிஃப் கோப்பாகவும், உறவினருக்கு அனுப்ப ஜேபெக்காகவும் வையுங்கள். ஒவ்வொரு தாளோடும் ஓர் அளவுகோலை வைத்து ஸ்கேன் எடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அச்சிடும்போது ஸ்கேல் தவறிவிடும். ராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து ஓரத்தில் வையுங்கள், தாள்மேல் நேராகப் பட்டால் கறை.

பிறகு பட்டியல். கட்டடம், ஊர், வருஷம், யாருக்காக, யார் மேஸ்திரி, இப்போது நிற்கிறதா. மேஸ்திரிகளைத் தேடிப் பிடியுங்கள். பிளானில் இல்லாததெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்: எங்கே ஜன்னல் நகர்ந்தது, எந்த மரத்துக்காகப் படி திரும்பியது என்று. இதைத்தான் மலரில் போட வேண்டும். 'பண்பாளர், எளிமையானவர்' என்ற வரிகள் எல்லா நினைவு மலரிலும் இருப்பவை. அவர் கட்டிய ஒரு வீட்டின் பிளானையும் இன்றைய படத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்து, அவர் ஏன் அப்படிக் கட்டினார் என்று பத்து வரி எழுதினால் மனிதர் தானாகத் தெரிவார். அவர் நடந்த மலைப்பாதைகளை ஒரே பக்க வரைபடமாகப் போடுங்கள். எந்த மாதம், எங்கே தண்ணீர், எத்தனை மணி நேரம் என்பதோடு. வனத்துறை அனுமதி வேண்டிய பாதைகளைத் தனியாகக் குறிக்க மறக்காதீர்கள்.

மலையில் கல்வெட்டு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதியில்லாமல் கல் நடுவது குற்றம். அனுமதி கிடைத்தாலும், வெளியை நேசித்தவருக்குப் பாறையில் பெயர் செதுக்குவது பொருத்தமாகப் படவில்லை. மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் சம்மதத்தோடு மரம் வையுங்கள். புங்கன், நாவல், இலுப்பை, வேம்பு, மகிழம் எல்லாம் இந்த மண்ணுக்கு ஒத்துவரும். 2 அடி ஆழ அகலத்தில் குழி, மேல்மண்ணைத் தனியாக எடுத்து மூன்றுக்கு ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். மரத்துக்கு மரம் 20 அடி. ஆவணி, புரட்டாசியில் நட்டால் அடுத்து வரும் மழை பிடித்துக்கொள்ளும். நட்ட நாளில் படம் எடுப்பதோடு எல்லோரும் போய்விடுவதால்தான் கன்று கருகுகிறது. முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை கன்றுக்கு ஒரு குடம், 15 லிட்டர், ஊற்ற ஆள் ஏற்பாடு செய்து அதற்கான பணத்தை முன்பே ஒதுக்குங்கள். ஆட்டுக்கு முள்வேலி. நூறு கன்று வேண்டாம், கவனிக்க முடிந்த பத்து போதும்.

கேள்வி: பேக்கர் கட்டியதை நேரில் பார்க்க எங்கே போவது?
— காட்பாடி

சென்னையிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் போகும் திருவனந்தபுரம் மெயிலைப் பிடியுங்கள். மறுநாள் காலை இறங்கியதும் ஸ்டேஷன் எதிரே தம்பானூரில் இந்தியன் காபி ஹவுஸ், சுருள் சுருளாக ஏறும் செங்கல் கட்டடம். தரை முழுக்கச் சரிவுதான், மேசையும் பெஞ்சும் அந்தச் சரிவிலேயே கட்டப்பட்டவை. காபி வாங்கிக்கொண்டு மேலே வரை நடந்து, ஓட்டைகள் வழியாகக் காற்று எப்படி வருகிறது என்று பாருங்கள். அடுத்து, அதே நகரில் 'உள்ளூர்' என்ற பெயருள்ள பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் 1970ல் தொடங்கிய நிறுவனத்துக்காக, ஏறத்தாழ பத்து ஏக்கர் மேட்டு நிலத்தில், மரங்களை விட்டு, நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு கட்டியது. ஜாலிச் சுவர், எலிப்பொறிக் கட்டு, ஓட்டுத் தளம் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மேஸ்திரியையும் கூட்டிப்போனால் செலவு வீண்போகாது. அது ஆய்வு நிறுவனம் என்பதால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிட்டுக் கிளம்புங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.